என்ன வேண்டும் என்று சொல்லலாமா? பரிசுப் பட்டியலும் விருந்தினர் மரியாதையும்

கல்யாணம் முடிந்த மறுநாள் கூடத்தில் பாயை விரித்துப் பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கும் வேலை நடக்கும். ஒருவர் பிரிப்பார், இன்னொருவர் யார் கொடுத்தது என்று நோட்டில் எழுதுவார். சுவர்க் கடிகாரம், ஹாட் பாக்ஸ், ராதாகிருஷ்ணர் படம், கண்ணாடி டம்ளர் செட், மறுபடியும் சுவர்க் கடிகாரம். பாதிக்கு மேல் பரணுக்குப் போய்விடும். அங்கிருந்து சில, புதுத் தாள் சுற்றிக்கொண்டு வேறொரு கல்யாணத்துக்குக் கிளம்பும். கொடுத்தவர்கள் யாரும் ஏனோதானோவென்று கொடுத்துவிடவில்லை. சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, கடைத்தெருவில் ஒரு மாலையைச் செலவழித்து வாங்கியது அது. வாங்கிக்கொண்டவர்களுக்கும் நன்றியில்லாமல் இல்லை. இடையில் ஒரு சின்னத் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தகவலைச் சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்வது என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. இளைஞர்கள் பலர் இன்று விஷ்லிஸ்ட் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்ஆப்பில் லிங்க் அனுப்புகிறார்கள். பெரியவர்கள் பலர், “கூப்பிடுகிறதே இதுக்குத்தானா?” என்று முகம் சுளிக்கிறார்கள். பொருள் வீணாகக் கூடாது என்பது ஒரு தரப்பின் கவலை. உறவு கடைக் கணக்காகிவிடக் கூடாது என்பது மறு தரப்பின் கவலை. இரண்டையும் மதித்துத்தான் விடை தேட வேண்டும். அதற்கு நம் ஊர் வழக்கம், பிற நாட்டு வழக்கம், ஆய்வாளர்கள் கண்டது, சட்டம் சொல்வது எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சீரும் மொய்யும்

விருந்தினர் என்ன தர வேண்டும் என்பதைத் தெரிவிக்கும் வழி தமிழ்நாட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. அவற்றில் பழையது சீர். காதுகுத்துக்குத் தாய்மாமன் என்ன செய்ய வேண்டும், மஞ்சள் நீராட்டுக்கு எத்தனை தட்டு வர வேண்டும், புதுவீடு புகும்போது பிறந்த வீட்டிலிருந்து என்ன வரும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி வகுத்து வைத்தது. இந்தப் பட்டியலை யாரும் எழுதி அனுப்புவதில்லை. உறவுமுறை முழுக்க அதை மனப்பாடமாக வைத்திருக்கிறது. ஆகவே கேட்கிற கூச்சம் யாருக்கும் இல்லை. ஆனால் ஒரு தட்டு குறைந்தால் அந்தப் பேச்சு பத்து வருஷத்துக்கு ஓயாது. தாய்மாமன் கடன் வாங்கியாவது தட்டை நிரப்புவார். எழுதாத பட்டியலுக்கும் கொடுப்பவரை நெருக்கும் பலம் உண்டு.

அடுத்தது மொய். மண்டப வாசலில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார். மற்றவர் மஞ்சள் தடவிய நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார். ஐந்நூற்று ஒன்று, ஆயிரத்து ஒன்று என்று தொகை ஒற்றை ரூபாயில் முடியும். கடைகளில் கிடைக்கும் மொய் கவரிலேயே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டித்தான் வருகிறது. மொய் கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்வார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இந்த நோட்டு கணினிக்கு மாறி, கொடுத்தவர் கையில் ரசீதும் வருகிறது.

மொய்யின் உச்சம் மொய் விருந்து. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் இது நடக்கும். கல்யாணம், காதுகுத்து என்று எந்தக் காரணமும் வேண்டியதில்லை. பணம் தேவைப்படுகிறவர்கள் பத்திரிகை அடித்து, கறி விருந்து வைத்து, மொய் வாங்குவார்கள். கிணறு வெட்ட, கடன் அடைக்க, பிள்ளையைப் படிக்க வைக்க அந்தப் பணம் உதவும். சில வருஷங்களில் வாங்கியதைக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. தேவையை வெளிப்படையாகச் சொல்வது இங்கே இழிவாகக் கருதப்படுவதில்லை. எல்லோரும் ஒருநாள் கொடுப்பவராகவும் ஒருநாள் பெறுபவராகவும் இருப்பதே அதற்குக் காரணம்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், பரிசுக்குப் பின்னால் கொடுக்கும் கடமை, ஏற்கும் கடமை, திருப்பிச் செய்யும் கடமை என்று மூன்று இருப்பதாகச் சொன்னார். பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் வைத்து அவர் எழுதியதற்கு, மொய் நோட்டின் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லும்.

வேண்டாம் என்று சொல்வதும் ஒரு விருப்பம்தான். “மொய், அன்பளிப்புகளைத் தவிர்க்க அன்புடன் வேண்டுகிறோம்” என்ற வரி இன்று பல பத்திரிகைகளின் அடியில் இருக்கிறது. பொதுவாழ்விலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2017-ல் திமுகவின் செயல் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின், தன்னைப் பார்க்க வருகிறவர்கள் பொன்னாடை, மாலைக்குப் பதிலாகப் புத்தகம் தரலாம் என்று கேட்டுக்கொண்டார். வந்த புத்தகங்கள் நூலகங்களுக்குப் போயின. எப்படியும் ஏதோ ஒன்றைக் கையில் எடுத்து வரப்போகிறவரிடம், அது இதுவாக இருக்கட்டும் என்று சொன்னதால், அந்த வேண்டுகோள் யாரையும் உறுத்தவில்லை.

2021 ஜனவரியில் மதுரையில் ஒரு திருமணப் பத்திரிகையில் கூகுள் பே, போன்பே க்யூஆர் கோடுகளை அச்சிட்டிருந்தது செய்தியானது. கொரோனா காலத்தில் வர முடியாதவர்களுக்கு அது உண்மையிலேயே உதவியது. இருந்தும் பலருக்கு நெருடியது. மொய் மேசையில் அதே பணத்தை வாங்குவதில் இல்லாத நெருடல், பத்திரிகையில் கோடாக அச்சாகும்போது ஏன் வருகிறது? மேசையை நோக்கி விருந்தினர் தானாக நடந்து போகிறார். கோடு அவர் வீட்டுக்கே வந்து நிற்கிறது. பட்டியல் விஷயத்திலும் சிக்கல் இதே இடத்தில்தான்.

கேட்பதும் கூசுவதும்

தமிழ் மரபு கேட்பதைப் பற்றி ஒரே மனதோடு இருந்ததில்லை. புறப்பாடல்களில் “பரிசில் கடாநிலை” என்றே ஒரு துறை இருக்கிறது. புலவர் வள்ளலிடம் பரிசிலை வாய்விட்டுக் கேட்கும் பாடல்கள் அதில் அடங்கும். அதே புறநானூற்றில், அதியமான் நேரில் பார்க்காமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்த பாடலும் இருக்கிறது. திருக்குறளில் 106-ஆம் அதிகாரம் இரவு. அதற்கு அடுத்ததே இரவச்சம். கேட்கத் தகுந்தவரிடம் கேட்பது தவறில்லை என்பதையும், கேட்பதே வலி என்பதையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் வேறு உண்டு. சொல்லாமலே புரிந்துகொள்வதை நாம் எவ்வளவு உயர்வாக வைத்திருக்கிறோம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

புலவரும் வள்ளலும் சமநிலையில் இருந்தவர்கள் அல்லர். கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்பது அங்கே முன்பே தெளிவு. நண்பர்களுக்கும் விருந்தினர்களுக்கும் இடையில் அப்படி இல்லை. அழைத்தவர் விருந்து வைக்கிறார். வந்தவர் பரிசு தருகிறார். யாரும் யாரிடமும் இரக்கவில்லை. அந்தச் சமநிலை குலையாமல் பார்த்துக்கொள்வதுதான் மரியாதை.

குலையாமல் பட்டியல் தருவது நமக்குப் பழக்கமில்லாத வித்தையும் இல்லை. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் பிள்ளையிடம் போகும் அம்மா, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே “என்ன எடுத்துட்டு வரணும், லிஸ்ட் அனுப்பு” என்பார். பதில் தயங்காமல் வரும்: பருப்புப் பொடி, மோர் மிளகாய், ஜவ்வரிசி வடாம், குக்கர் கேஸ்கட், பழைய சைஸில் இரண்டு நைட்டி. பக்கத்து வீட்டுத் தோழி, “உங்க அம்மா வர்றாங்களாமே, எனக்கும் ஒரு பாக்கெட் அப்பளப்பூ” என்பாள். பெட்டிக்கு 23 கிலோ என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் பேராசைப்படுவதில்லை. இடமில்லையென்றால் எதை விடலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். யாரும் கூசாமல், யாரையும் கூச வைக்காமல் நடக்கும் பட்டியல் இது. அம்மா கேட்ட பிறகே அது போகிறது. அவரால் சுமக்க முடிந்த அளவு இருவருக்கும் தெரிகிறது. எடுத்து வராவிட்டாலும் அம்மா வந்ததே பெரிது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் எந்தப் பட்டியலும் உறுத்தாது என்பதே என் முடிவு. இனி வருபவை அதைச் சோதித்துப் பார்ப்பவை.

கடையில் பிறந்த பட்டியல்

இன்றைய விஷ்லிஸ்டின் பிறப்பிடம் கடை. சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் பல்பொருள் அங்காடி 1924-ல் மணப்பெண்களுக்கான பதிவேட்டைத் தொடங்கியது. தனக்குப் பிடித்த பீங்கான் தட்டு, வெள்ளிக் கரண்டி, கண்ணாடிக் கோப்பை ஆகியவற்றின் வடிவத்தை மணப்பெண் கடையில் பதிந்துவைப்பாள். விருந்தினர் கடைக்குப் போய், இன்னும் வாங்காதது எது என்று கேட்டு வாங்குவார். ஒரே வடிவத்தில் பன்னிரண்டு தட்டும் சேர வேண்டும் என்பதற்கு அது வசதி. 1993-ல் டார்கெட் நிறுவனம், மணமக்களே கையில் ஸ்கேனர் கருவியோடு கடையைச் சுற்றி வந்து பொருள்களைப் பதிந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. இணையம் வந்தபின் கடைக்குப் போகவும் வேண்டாம் என்றானது.

பதிவேடு வந்த இடத்திலேயே அதைக் கட்டுப்படுத்தும் நாகரிகமும் வளர்ந்தது. எமிலி போஸ்ட் 1922-ல் எழுதிய நடத்தை நூலின் வழியில் இன்றும் அறிவுரை தரும் அவர் பெயரிலான நிறுவனம், பதிவேட்டுக் குறிப்பைத் திருமண அழைப்பிதழில் சேர்க்கக் கூடாது என்கிறது. அழைப்பிதழ் வருகையைக் கேட்பது. அதில் பொருளைக் கேட்கலாகாது என்பது அதன் தர்க்கம். நெருங்கியவர்கள் வாய்வழியாகச் சொல்லலாம், மணமக்களின் இணையதளத்தில் வைக்கலாம், தேடுகிறவர் கண்டுகொள்வார். ‘மிஸ் மேனர்ஸ்’ என்ற பெயரில் 1978 முதல் நடத்தை பற்றி எழுதிவரும் ஜூடித் மார்ட்டின் இன்னும் கண்டிப்பானவர். பரிசை எதிர்பார்த்துப் பட்டியலிடுவதையே அவர் ஏற்பதில்லை. பதிவேட்டில் நூறு வருஷம் ஊறிய நாட்டிலும் இந்த விவாதம் முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியல் நவீனம், எதிர்ப்பு பழமை என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது.

நாட்டுக்கு நாடு

டென்மார்க்கில் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் விருப்பப் பட்டியல் எழுதுவது சின்னக் குழந்தையிலிருந்து தாத்தா வரை இயல்பு. பரிசோடு மாற்றிக்கொள்வதற்கான ஸ்டிக்கரையும் கடைக்காரர் ஒட்டித் தருவார். பிடிக்காததை மாற்றினால் கொடுத்தவர் வருந்துவதில்லை. ஜெர்மனியில் குழந்தைகளின் பிறந்தநாளுக்குப் பொம்மைக் கடையில் ஒரு பெட்டி வைக்கும் வழக்கம் உண்டு. குழந்தை கடைக்குப் போய்த் தனக்குப் பிடித்தவற்றைப் பெட்டியில் எடுத்து வைக்கும். பெட்டியில் அதன் பெயர் எழுதியிருக்கும். விருந்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் அதிலிருந்து தங்கள் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வார்கள். பெட்டியில் சின்ன விலைப் பொருள்கள் போதிய அளவு இருக்கும்படி பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு.

நெதர்லாந்தில் பணமாகத் தந்தால் நல்லது என்பதைச் சொல்ல, அழைப்பிதழின் ஓரத்தில் சின்னதாக ஒரு கவர் படம் போட்டால் போதும். வேறு விளக்கம் தேவையில்லை. போலந்தில் பூங்கொத்துக்குப் பதிலாக ஒயின் பாட்டிலோ புத்தகமோ லாட்டரிச் சீட்டோ கொண்டு வரும்படி அழைப்பிதழில் குட்டிக் கவிதையாகக் கேட்பார்கள். ஜப்பானில் திருமணத்துக்கு நண்பர் தரும் தொகை பெரும்பாலும் 30,000 யென். இரண்டாகப் பிரிக்க முடியாத எண்ணிக்கையில், புதுத் தாள்களாக, அதற்கென்றே செய்த உறையில் இருக்க வேண்டும். அழைத்தவரும் ஒவ்வொரு விருந்தினருக்கும் மறுபரிசு தருவார். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் தெற்காசியத் திருமணங்களின் அழைப்பிதழ்களில், பெட்டிப் பரிசு வேண்டாம் என்ற வரியைத் தமிழர் வீடுகளிலும் பார்க்கலாம். கவர் போதும் என்பது அதன் பொருள்.

இவற்றில் எது நாகரிகம், எது அநாகரிகம்? டென்மார்க்கில் இயல்பானது அமெரிக்க அழைப்பிதழில் முகம் சுளிக்க வைக்கிறது. கேட்பதற்கு எங்கும் தடையில்லை. எல்லா விருந்தினருக்கும் ஒரே மாதிரி புரியும் வழியில் கேட்க வேண்டும் என்பதே பொது விதி. வழக்கம் இல்லாத ஊரில் புதிதாக ஒரு வழியைத் தொடங்குகிறவர், அது மற்றவர் காதில் எப்படி விழும் என்று யோசித்தாக வேண்டும். நாம் இன்று அந்த இடத்தில்தான் இருக்கிறோம்.

ஆய்வுகள் சொல்வது

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களிடம் அவர்கள் பெற்ற பரிசுகளுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். உணர்வு மதிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கொடுத்தவர் செலவழித்ததில் பத்து சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று கணக்கிட்டார். நண்பர்கள் தரும் பரிசு அதிகம் பொருந்தியது. அத்தை, மாமா, தாத்தா, பாட்டி தருவது குறைவாகப் பொருந்தியது. அன்பு குறைவு என்பதால் அல்ல, அன்றாடத் தொடர்பு குறைவு என்பதால். இதற்கு மறுப்பும் வந்தது. 1996-ல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே இருவரும் உணர்வு மதிப்பையும் சேர்த்துக் கேட்டபோது, பரிசின் மதிப்பு விலையை விட அதிகம் என்ற விடை கிடைத்தது. பாட்டி கொடுத்த எவர்சில்வர் டப்பாவை விலைக்குக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள் என்பது நமக்கே தெரிந்ததுதான்.

பட்டியலைப் பற்றியே நேராகக் கேட்டவர்கள் பிரான்செஸ்கா ஜீனோவும் பிரான்சிஸ் ஃபிளினும். 2011-ல் வெளியான அவர்களது கட்டுரைப்படி, பட்டியலில் இல்லாததைத் தானே யோசித்து வாங்கினால் அதிக அக்கறை தெரியும் என்று கொடுப்பவர் நினைக்கிறார். பெறுபவரோ கேட்டதைத் தந்தவரையே அக்கறையானவராகக் கருதுகிறார். ஜீனோவின் வேறு சில ஆய்வுகளின் தரவுகள் பற்றிப் பின்னாளில் கடும் சர்ச்சை எழுந்ததால், இந்தக் கட்டுரையை மட்டும் தூணாக நிறுத்த முடியாது. ஆனால் வேறு கைகளிலிருந்தும் இதே திசையில் முடிவுகள் வந்திருக்கின்றன. ஜெஃப் கலாக் உள்ளிட்ட மூவர் 2016-ல் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும் நொடியில் முகம் மலர்வதைக் கொடுப்பவர் மனதில் வைக்கிறார்; அதற்குப் பிந்திய நாள்களில் பொருள் பயன்படுவதைப் பெறுபவர் பார்க்கிறார் என்றார்கள்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது மோர்கன் வார்டும் சூசன் பிரோனியார்சிக்கும் 2016-ல் வெளியிட்டது. பதிவேட்டைவிட்டு விலகி வாங்குகிறவர்களில் நெருங்கிய நண்பர்களே அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். தூரத்துப் பழக்கம் உள்ளவர் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து நிம்மதியாகப் போய்விடுகிறார். நெருங்கியவரோ தன் நட்பைக் காட்டும் பொருளாக ஒன்றைத் தேடி அலைகிறார். ஆகவே பட்டியல் அதிகம் உதவுவது நம்மை அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு: அலுவலக நண்பர்கள், அண்டை வீட்டார், மணமகனை இதுவரை பார்த்தே இராத அத்தை. உயிர் நண்பனிடம் பட்டியலைக் கொடுத்து, இதில்தான் வாங்க வேண்டும் என்றால், அவன் மனம் சுருங்கும். இவை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள். சீரும் மொய்யும் உள்ள சமூகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனப்போக்கைக் காட்டும் அளவுக்கு ஏற்கலாம்.

மறுப்பவர்களின் நியாயம்

பட்டியலை எதிர்க்கும் பெரியவர்களின் வாதத்தில் மூன்று கூறுகள் உண்டு. விலை தெரிந்துவிடுகிறது என்பது ஒன்று. யார் என்ன விலைக்கு வாங்கினார் என்பது லிங்க்கில் பட்டவர்த்தனமாகத் தெரியும்போது, பொட்டலத்தின் மேல் சுற்றிய தாளுக்கு வேலையில்லாமல் போகிறது. கொடுப்பவரின் கைவண்ணம் மறைகிறது என்பது இரண்டாவது. நம் ஊர்ப் பாத்திரக் கடையில் குடத்தையோ அண்டாவையோ எடைபோட்டு வாங்கிய பிறகு, ஓரமாக உட்கார்ந்திருப்பவரிடம் போய்ப் பெயர் வெட்டச் சொல்வோம். கிர்ரென்ற சத்தத்தோடு கருவியின் முனை ஓடி, ஊர், பெயர், தேதி என்று புள்ளி புள்ளியாக எழுத்து விழும். நாற்பது வருஷம் கழித்தும், “இது என் பெரியப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது” என்று விளிம்பைப் பார்த்தே சொல்லலாம். லிங்க்கை அழுத்திக் கூரியரில் வந்த பொருளுக்கு அந்த நினைவு இல்லை என்பது உண்மையான இழப்பு.

மூன்றாவது கூறுதான் கனமானது: கேட்டுப் பழகினால் அது எங்கே போய் நிற்கும்? நம் நாட்டில் திருமணத்தில் கேட்பதற்கு ஒரு கறுப்பு வரலாறு இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், கேட்பதையே குற்றமாக்கியது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கேட்காமல் தரும் பரிசுகளை அது தடுக்கவில்லை. ஆனால் அவற்றை எழுதிவைக்கச் சொல்கிறது. 1985-ல் வந்த விதிகளின்படி, பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும். மணமகள் தரப்பினர் தரும் பரிசு வழக்கமானதாகவும், கொடுப்பவரின் வசதிக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சட்டம் கேட்கும் பட்டியல் கொடுத்த பின் எழுதுவது. அதன் அக்கறை முழுக்க கொடுப்பவர் பக்கம்.

ஆகவே இங்கே ஒரு கோட்டை அழுத்தமாகப் போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் எந்தப் பெயரிலும் பட்டியல் தரக் கூடாது. விஷ்லிஸ்ட் என்று சொன்னாலும், “உங்க பொண்ணுக்குத்தானே” என்று சொன்னாலும் அது மிரட்டலே. அங்கே மறுக்கும் உரிமை கொடுப்பவருக்கு இல்லை. நண்பர்களுக்குத் தரும் பட்டியல் நியாயமாவது, அவர்களுக்கு மறுக்கும் உரிமை முழுதாக இருப்பதால்தான்.

சொல்லும் முறை

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் நடைமுறைக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, பத்திரிகையில் பட்டியலோ லிங்க்கோ க்யூஆர் கோடோ வேண்டாம். பத்திரிகை வெற்றிலை பாக்கோடு கையில் கொடுக்கும் அழைப்பு. பரிசே வேண்டாம் என்றால் மட்டும் அந்த வரியை அதில் சேர்க்கலாம். அது விருந்தினரின் சுமையைக் குறைக்கிறது. சேர்த்தால் அதன்படி நிற்கவும் வேண்டும். வேண்டாம் என்று அச்சிட்டுவிட்டு மண்டபத்தில் மொய் மேசை போட்டால், வெறுங்கையோடு வந்தவர் குன்றிப்போவார்.

இரண்டாவது, கேட்டவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது தெளிவாகச் சொல்ல வேண்டும். “என்ன வேணும்?” என்று அன்போடு கேட்பவரிடம் “ஒண்ணும் வேணாம்” என்று சொல்லிவிட்டு, பிறகு வந்ததைப் பரணில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அத்தையிடம் இப்படிச் சொல்லலாம்: “நீங்க ரெண்டு நாள் முன்னாடியே வந்துடணும் அத்தை, அதுதான் முக்கியம். கேட்டீங்கன்னு சொல்றேன், குக்கர் ரெண்டு இருக்கு. தோசைக்கல்லுதான் இல்ல. நீங்க பார்த்து வாங்குனா பழகின கல்லா இருக்கும்.” பொருளையும் சொன்னதாயிற்று, அத்தையின் கைப்பழக்கத்துக்கும் இடம் வைத்தாயிற்று. நண்பர் கூட்டத்துக்கு: “ஆளுக்கு ஒண்ணா வாங்காதீங்கடா. சேர்ந்து செய்யறதா இருந்தா மிக்ஸி தேவைப்படுது. முடியாதவன் வந்து பந்தியில நில்லு, அதுவே போதும்.” கடைசி வாக்கியத்தை ஒப்புக்குச் சேர்க்கக் கூடாது. பந்தி பரிமாறும் நண்பனின் உழைப்பு உண்மையிலேயே பரிசுதான்.

மூன்றாவது, தூது. வீட்டுக்காரர் நேரே சொல்லக் கூசும் இடத்தில் நெருங்கிய ஒருவர் சொல்லலாம். தங்கை, தோழி, சித்தி என்று யாராவது ஒருவர் கையில் பட்டியல் இருந்தால், விசாரிப்பவர்கள் அவரிடம் விசாரிப்பார்கள். யார் எதை வாங்குகிறார்கள் என்பதையும் அவரே குறித்துக்கொள்வார். இரண்டு மிக்ஸி வராது, விலையும் பெறுபவர் கண்ணில் படாது. இணையப் பட்டியலாக இருந்தால், வாங்கியாயிற்று என்று குறிக்கும் வசதி இருக்கிறதா, லிங்க் கிடைத்தவர் மட்டும் பார்க்கும்படி வைத்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வீட்டு முகவரியும் விசேஷ தேதியும் ஊருக்கே தெரியும் பட்டியல் திருடனுக்கும் தெரியும். மேலதிகாரி தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தன் பட்டியலை எந்த வழியிலும் அனுப்பலாகாது. அங்கே தூதும் உதவாது.

நான்காவது, பட்டியலின் உள்ளடக்கம். நூறு ரூபாய்ப் பொருளும் அதில் இருக்க வேண்டும், அதுவும் உண்மையில் தேவைப்படுவதாக இருக்க வேண்டும். இட்லித் துணி, மசாலா டப்பா, ரோஜாச் செடி, ஒரு நாவல் என்று எழுதலாம். விருந்தினர் எண்ணிக்கையை விடக் கொஞ்சம் அதிகமாகப் பொருள்கள் இருந்தால் கடைசியில் கேட்பவருக்கும் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று நெருக்கிப்பிடிக்காமல் அளவையும் வகையையும் மட்டும் சொல்வது நல்லது. குழந்தையின் பிறந்தநாள் என்றால் ஜெர்மன் பெட்டியின் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். கதைப் புத்தகம், கலர் பென்சில், பந்து என்று வாய்வழியாகச் சொன்னாலே அடுக்குமாடி வீடுகளில் மலைபோல் குவியும் பிளாஸ்டிக் பொம்மைகள் பாதியாகும்.

ஐந்தாவது, பட்டியலுக்கு வெளியே வந்த பரிசை எப்படி ஏற்கிறோம் என்பது. பெரியப்பா பெயர் வெட்டிய குடத்தோடு வந்தால், அந்த இடத்தில் பட்டியல் என்ற பேச்சே எழக் கூடாது. கொடுத்தவர் முன்னால் இன்னொரு பரிசை உயர்த்திப் பேசவும் கூடாது. பிறகு அந்தப் பொருளைப் பயன்படுத்தும்போது ஒரு போன் செய்து, “நீங்க குடுத்த கல்லுலதான் இன்னைக்கு தோசை” என்று சொல்வது, பரிசு பெற்ற அன்றே அனுப்பும் பொதுவான நன்றிச் செய்தியை விடப் பெரியது. தேர்ந்தெடுத்துக் கொடுத்ததன் பலன் அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பட்டியல் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு என் விடை இது. வேண்டும்; கேட்ட பிறகு தரும் பதிலாக, கொடுப்பவரின் சுமையை இறக்கும் குறிப்பாக, மீறினாலும் மனம் கோணாத யோசனையாக இருக்கும்வரை. எழுத உட்காரும்போது மணமக்கள் தங்கள் சமையலறையை மட்டும் நினைத்தால் போதாது. அழைத்திருப்பவர்களில் கையில் காசு குறைவாக உள்ளவர் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டியலைப் படித்தபின் அவர், “இதையெல்லாம் வாங்க நம்மால ஆகாது, போகாமலே இருந்துடலாம்” என்று ஒதுங்கினால், அந்தப் பட்டியல் ஒரு விருந்தினரை இழக்க வைத்துவிட்டது. “அப்பாடா, இது நம்மால முடியும்” என்று கிளம்பி வந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது.